மூன்றாம் வாசல் மட்டும்

எங்கள் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்மார்ட் கார்டு தருவார்கள். அதை வார்டுக் கதவில் காட்டினால் கதவு திறக்கும். கார்டு இல்லாவிட்டால் பெற்ற தாயே உள்ளே படுத்திருந்தாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துக் கொடுப்பவரை எல்லோரும் கார்டு மேடம் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. வேறு எங்கும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய அறையும் நான் பார்த்துக்கொள்ளும் நூலகமும் ஒரே கூடத்தை இரண்டாகத் தடுத்து உண்டாக்கியவை. நடுவில் ப்ளைவுட் பலகை. மருத்துவர்கள் நூலகத்துக்கு வருவது பெரும்பாலும் குளிர்சாதனத்துக்காகவும் பத்து நிமிடத் தூக்கத்துக்காகவும்தான். அதனால் எனக்குப் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. படிக்காத நேரத்தில் பக்கத்து அறையைக் கேட்க இரண்டு காதுகள் இருந்தன. ஒன்பது வருடம் கேட்டிருக்கிறேன். "யாரைப் பார்க்க? எந்த வார்டு? எத்தனாம் படுக்கை?" என்ற மூன்று கேள்வி, பிறகு கார்டு எழுதும் கருவியின் ஒற்றைக் கீச்சொலி, பிறகு "அடுத்தவங்க வாங்க." ஒருவருக்கு இருபது விநாடி. அந்த இருபது விநாடிக்குள் அவர் படுக்கை எண்ணையும் மனதில் ஏற்றிக்கொள்வார். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் வந்தால், "பதினேழுதானே? தையல் பிரிச்சாச்சா?" என்பார்.

அவரிடம் ஒரு குறை உண்டு. மற்றவர்கள் ஒரு வேலையை மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. யாராவது ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினால் ஊசியைப் பிடுங்கிக்கொள்வார். யாராவது ஒரு வாக்கியத்தை இழுத்தால் அவரே முடித்து வைப்பார். பல சமயம் அவர்கள் சொல்ல வந்ததைவிட நன்றாகவே முடிப்பார். ஆனாலும் வாக்கியம் அவர்களுடையது அல்லவா என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய கணவர் மின்பணியாளர். எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு மருத்துவமனை, ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஆறு வருடம் முன்பு அவரை அங்கே மாற்றினார்கள். மகளும் படிப்புக்காக அப்பாவிடம் போய்விட்டாள். இவர் மட்டும் இங்கே ஒரு மாடி அறையில். அப்பாவும் மகளும் சேர்ந்து சமைத்து, தட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தைப் பார்த்து இவர், "உப்பு போட்ட மாதிரி தெரியலையே" என்று பதில் எழுதுவார். அதுதான் குடும்ப வாழ்க்கை.

மூன்று முறை இடமாற்றம் கேட்டார். மூன்று முறையும் நிர்வாக அதிகாரி அவரை உட்காரவைத்து, மனதாரப் புகழ்ந்து, விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். உங்களைப் போல வருமா, உங்களை விட்டால் அந்த அறையை யார் பார்ப்பார்கள் என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். மூன்றாம் முறை வெளியே வந்தவர் என் மேசைமேல் விண்ணப்பத்தை வைத்து, "நான் கொஞ்சம் மட்டமா வேலை பாத்திருக்கணும் சார். எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார்.

நான்காம் முறை அவர் தந்திரமாகப் போனார். தனக்குப் பதில் ஆளையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அடித்தளத்தில் இருக்கும் பழைய கோப்பு அறையின் எழுத்தர் அவர். ஐம்பது வயது. எதைக் கேட்டாலும் "நிதானமா செய்வோம்" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு நிதானம் என்றே பெயர். கோப்பு அறைத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வருடத்தில் எட்டு மாதம் இருமுவார். ஜன்னல் உள்ள அறை என்றால் அவர் எந்த வேலைக்கும் தயார்.

நிர்வாக அதிகாரி யோசித்தார். பிறகு நிபந்தனை விதித்தார். திங்கள் முதல் சனி வரை நிதானம் தனியாக நடத்த வேண்டும். கார்டு மேடம் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. மெஷினைத் தொடக் கூடாது. போனிலும் சொல்லித்தரக் கூடாது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அதிகாரியே வந்து பார்ப்பார். வேலை ஓடிக்கொண்டிருந்தால் கையெழுத்து. நின்றிருந்தால் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது.

"நோட்டு இருக்கு சார், எல்லாம் அதுல எழுதி வச்சிருக்கேன்" என்று நம்பிக்கையோடு சொல்லிவிட்டு வந்தார் கார்டு மேடம்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் முன்பு கருவியைக் கொண்டுவந்து வைத்த கம்பெனிக்காரர் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுப் போய்விட்டார். இவர் கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் தமிழாக்கினார். நாளைக்கு வருகிறவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருந்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை. நல்ல எண்ணம்தான். 'எலி அசையவில்லை என்றால் வாலை மெல்ல இழுத்துப் பார்க்கவும்' என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். மவுஸைத்தான் அப்படி எழுதியிருந்தார். அவர் அதைப் படித்து ஒருநாளும் சிரித்ததில்லை. அவருக்கு அந்தச் சொற்கள் எல்லாம் அந்தப் பொருள்களாகவே ஆகிவிட்டிருந்தன.

அந்த வாரம் அவரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் என் நூலகத்தில் உட்காரவைத்தார்கள். திங்கட்கிழமை காலை பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தார். அந்தப் பக்கம் நிதானம் தொடங்கினார். "யாரைப் பார்க்க?" ஒரு நீண்ட அமைதி. தட்டு. தட்டு. தட்டு. "எந்த வார்டு?" தட்டு. கீச்சொலி வர ஒன்றரை நிமிடம் ஆயிற்று. இந்தப் பக்கம் மேடம் சேலைத் தலைப்பைக் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் கைக்கு வேலை கொடுப்பதற்காகப் புத்தகங்களுக்கு அட்டை போடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு அலமாரி முடிந்தது. புதன்கிழமை நிதானம் ஒரு கார்டை ஒரு நிமிடத்தில் முடித்தார். மேடம் என்னைப் பார்த்து, "பரவாயில்ல, கொஞ்சம் உயிர் வந்திருக்கு" என்றார். வியாழனன்று ஐம்பது விநாடி. வெள்ளிக்கிழமை மாலை மேடம் கிளம்பும்போது, அவருடைய பை கொஞ்சம் கனமாக இருந்தது. மகளுக்கு என்று ஏதோ வாங்கியிருந்தார். நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைதான் கார்டு அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். துப்புரவு செய்யும் அம்மாள் நல்ல வேலைக்காரர். மேசையை நகர்த்தி, எல்லா ஒயரையும் பிடுங்கி மேலே போட்டு, மூலையெல்லாம் தேய்த்துவிட்டு, ஒயர்களைத் திரும்பச் சொருகிவிட்டுப் போனார். இடம் இருந்த ஓட்டையில் சொருகினார். அதில் ஒரு தவறும் இல்லை. எல்லாம் பொருந்தின.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நிதானம் வந்து அமர்ந்தார். வெளியே வழக்கமான வரிசை. பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள் காத்திருந்தோம். கீச்சொலி வரவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து, "கருவி கிடைக்கவில்லை" என்று அவர் திரையைச் சத்தமாகப் படிப்பது கேட்டது. பிறகு, "இதோ இருக்கே. பச்சை லைட்டுகூட எரியுதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வரிசையில் யாரோ, கருவி இருப்பது நமக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார்கள். அது சரியான கேள்வி என்று நிதானம் ஒப்புக்கொண்டார்.

மேடம் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். கருவிக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே விளங்கியது. "பின்னாடி ஒயரை மாத்திக் குத்தியிருக்காங்க சார்" என்று என் காதருகே சொன்னார். "நோட்டுல இருக்கு. எட்டாம் பக்கம். மெஷின் அடியிலயும் சீட்டு ஒட்டியிருக்கேன். பாத்துருவாரு. பாத்துருவாரில்ல?"

பார்த்தார். ஆனால் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் செய்து பார்த்து எட்டாம் பக்கத்துக்கு வர மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. மெஷினைக் கவிழ்த்து அந்தச் சீட்டையும் படித்தார். பலகை வழியே தெளிவாகக் கேட்டது: "மூன்றாம் வாசல் மட்டும்." மேடம் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். ஆபத்து நீங்கிவிட்டது என்ற மூச்சு அது.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஏதோ பொருள்களைச் சேர்த்து எடுக்கிற சத்தம். பிறகு பல காலடிகள். பிறகு ஒன்றுமே இல்லை. வரிசையின் இருமலும் முணுமுணுப்பும்கூட நின்றுவிட்டன. நான் ஜன்னலைத் திறந்தேன்.

எங்கள் மருத்துவமனைக்கு மூன்று வாசல்கள். முதலாவது பொதுமக்களுக்கு. இரண்டாவது ஆம்புலன்சுக்கு. மூன்றாவது, பின்பக்கம், சலவை வண்டிக்கும் சமையலறைச் சாமான்களுக்கும். நிதானம் கருவியை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், இடம் மாறாமல், அதே வரிசை. பிளாஸ்க்கும் கூடையுமாக இருபது இருபத்தைந்து பேர். ஒருவர் முந்தப் பார்த்தபோது பின்னால் இருந்தவர் கையைப் பிடித்து நிறுத்துவதும் தெரிந்தது.

"எங்க போறாங்க எல்லாரும்?" என்றார் மேடம்.

"மூன்றாம் வாசலுக்கு" என்றேன்.

ஒன்பது வருடமாக மேடத்துக்கு வாசல் என்றால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒயர் சொருகும் துளை. போர்ட் என்பதற்கு அகராதியில் பார்த்து அவரே வைத்த பெயர். அந்த வாசலுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதும் அதில் காவலரோடு ஒரு மூன்றாம் வாசல் இருப்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டினார்.

நிபந்தனையை நினைவூட்டினேன். போகக் கூடாது என்று சொல்வதற்காக இல்லை. அவர் தெரிந்துதான் போகிறாரா என்று பார்க்க.

"ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? மூணாம் வாசல்ல நிக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். நானும் நூலகத்தைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிதானம் காவலர் அறையில் இருந்த கண்காணிப்புக் கேமரா கம்ப்யூட்டரில் கருவியைச் சொருகியிருந்தார். காவலர் பக்கத்தில் நின்று, என் படம் போச்சு, படம் போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருவி வேலை செய்யவில்லை. செய்யவும் செய்யாது, அந்தக் கம்ப்யூட்டருக்கு இப்படி ஒரு கருவி உலகில் உண்டு என்பதே தெரியாது. நிதானம் பதற்றப்படவில்லை. அதை அவர் பழகியதே இல்லை. நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"அப்போதும் இணையாவிட்டால், ஓட்டுநர் பழையவரா என்று பார்க்கவும். பழையவராக இருந்தால் நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்தவும்."

சலவை வண்டியின் ஓட்டுநர் வண்டிக் கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான். டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாருங்க அது எழுதினது?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார், ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போனதில்லை, கார்டு மெஷின் ஓடாததற்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று வரிசையைப் பார்த்து நியாயம் கேட்டார். வரிசை அவர் பக்கம் சாய்ந்தது. புகையிலைக் கறையேறிய மீசையோடு ஒருவர், எல்லா இடத்திலும் இப்படித்தான், பழைய ஆளைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்றார். நிதானம் மட்டும் நோட்டையும் ஓட்டுநரையும் மாறி மாறிப் பார்த்து, "நிதானமா பார்ப்போம். பழையவராங்கறதை எப்படி முடிவு பண்றதுன்னு இதுல போடலை" என்றார்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஹாரன் ஒலித்தது. நிர்வாக அதிகாரியின் கார். அவருடைய நிறுத்துமிடம் பின்பக்கம்தான். சனிக்கிழமைகளில் அவர் சீக்கிரமே வந்துவிடுவார் என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மணி பதினொன்று பத்து.

அவர் இறங்கி வரிசையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியாக மேடத்தைப் பார்த்தார். யார் யாரோ சேர்ந்து விஷயத்தைச் சொன்னார்கள். ஓட்டுநர் தன் பங்கைத் தனியாகச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்ததும் அதிகாரியின் முகத்தில் ஒரு கனிவு வந்தது. மூன்று விண்ணப்பங்களைத் திருப்பிக் கொடுத்தபோதும் அதே முகம்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"பாத்தீங்களாம்மா? இதுக்காகத்தான் சொல்றேன். நீங்க ஒரு நாள் நகர்ந்தா என்ன ஆகுதுன்னு பாருங்க. உங்க அருமை உங்களுக்கே தெரியல."

வழக்கமாக இந்த இடத்தில் மேடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். இன்று நன்றி சொல்லவில்லை.

"சார், அவர் ஒரு தப்பும் பண்ணல. நான் எழுதினதை எழுதினபடி செஞ்சிருக்காரு. வாசல்னு எழுதினேன், வாசலுக்கு வந்துட்டாரு. தப்பு என் எழுத்துல சார். ஒம்போது வருஷமா அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிச்சதில்ல, அதான் தெரியல. நான் அங்கயே உக்காந்திருந்தா இன்னும் ஒம்போது வருஷம் தெரியாது. நோட்டைத் திருத்த மட்டும் விடுங்க. மெஷினைத் தொடமாட்டேன். பன்னெண்டு ஆக இன்னும் நேரம் இருக்கு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். எழுத்தைத் திருத்துவது நிபந்தனையில் தடுக்கப்படவில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். சரி என்றார்.

மேடம் காவலரின் மேசையில் நோட்டை விரித்து, 'மூன்றாம் வாசல்' என்பதை அடித்துவிட்டு, 'கம்ப்யூட்டரின் முதுகில், மேலிருந்து மூன்றாவது ஓட்டை' என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் கை வைக்கும்போது சலவை வண்டிக்காரர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தபடி நின்றார். 'ஓட்டுநர்' என்பதை அடித்து 'டிரைவர்' என்று எழுதினார் மேடம்.

"அதுவும் நான்தானே" என்றார் அவர்.

அதையும் அடித்துவிட்டு, 'கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் என்ற மென்பொருள். ஆள் அல்ல' என்று எழுதினார். ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்துத் திருப்தியடைந்து டீயை எடுத்துக்கொண்டார்.

கருவி மீண்டும் துண்டில் சுற்றப்பட்டது. ஊர்வலம் வந்த வழியே திரும்பியது. இந்த முறை காவலரும் சலவை வண்டிக்காரரும் நிர்வாக அதிகாரியும்கூட அதில் இருந்தார்கள்.

நிதானம் அறைக்குள் போனார். மேடம் நிலைப்படிக்கு வெளியே, கோடு கிழித்தது போல, விரல் நுனிகூட உள்ளே படாமல் நின்றார். நான் அவருக்குப் பின்னால். நிதானம் குனிந்து, மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தொட்டு எண்ணி, சொருகினார். கம்ப்யூட்டர் டடங் என்று ஓர் ஓசை எழுப்பியது. வரிசை அதைக் கேட்டு அசைந்தது. மேடத்தின் தோள் இறங்கியது.

திரையில் இன்னும், கருவி கிடைக்கவில்லை என்றே இருந்தது.

மணி பதினொன்று நாற்பது. நிதானம் திரையைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். இதற்கு மேல் நோட்டில் ஒன்றும் இல்லை. மேடம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கைகள் மட்டும் தெரிந்தன. வலது கையின் ஆட்காட்டி விரல், காற்றில் இல்லாத ஒரு எலியை இரண்டு முறை அழுத்தியது. இடது கை அந்த விரலைப் பிடித்து மடக்கியது. அவருக்குத் தெரியும். ஒன்பது வருடமாக நோட்டில் எழுதத் தோன்றாத அளவுக்குக் கையோடு கலந்துபோன ஏதோ ஒன்று. ஒரு சொல் சொன்னால் போதும், வரிசை நகரும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவர் இங்கேயேதான் இருப்பார்.

வரிசையின் தலையில் ஒரு பெண் நின்றிருந்தார். கார்டு காலையிலேயே காலாவதியாகிவிட்டது. அவருடைய அம்மாவை நேற்றுத்தான் அறுவை சிகிச்சை முடித்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கண் விழித்துத் தேடுவார் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மேடத்துக்கும் அது கேட்டது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அதைக் குறை கூறவும் எனக்கு மனம் வந்திருக்காது.

நிதானம் நாற்காலியில் சாய்ந்தார். வரிசையைப் பார்த்து, கோப்பு அறையில் பேசுகிற அதே தொனியில் பேசினார்.

"கீழ நான் வருகைப் பதிவேடு எடுப்பேன். பத்து மணிக்கு ஒரு தடவை தலையை எண்ணுவேன். அப்ப இல்லாதவங்க ஆப்சென்ட். பத்தேகாலுக்கு வந்து கண்ணு முன்னாடி உக்காந்திருந்தாலும் ஏட்டுல ஆப்சென்ட்தான். மறுபடி புத்தகத்தைத் திறந்தாதான் திருத்த முடியும்." திரையை நோக்கிக் கை காட்டினார். "இந்தப் புரோகிராமை நான் காலையில ஒம்போது மணிக்குத் திறந்தேன். இன்னும் மூடல."

அதிகாரி, அதனால் என்ன என்று கேட்டார்.

"அப்ப மெஷின் வேற ஓட்டையில இருந்துச்சு சார். ஆப்சென்ட் போட்டிருக்கும். மூடித் திறந்து பாப்போம்."

மூடினார். அவருக்கே உரிய வேகத்தில், இரண்டு விரலால், கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அடித்துத் திறந்தார். மணல் கடிகாரம் சுழன்றது. பிறகு திரையின் மூலையில், கருவி தயார் என்று பச்சையில் வந்தது. அந்தப் பெண்ணின் கார்டை வாங்கி வைத்தார். யாரைப் பார்க்க, எந்த வார்டு, எத்தனாம் படுக்கை என்று ஒன்றும் விடாமல் கேட்டார். கீச்சொலி எழுந்தது.

அடுத்த கார்டு. அதற்கடுத்தது. அதிகாரி ஆறு கார்டு வரைக்கும் நின்று பார்த்தார். பன்னிரண்டு மணி அடித்தது. மெதுவாகத்தான் இருக்கிறது என்றார். உள்ளே போகத் திரும்பிய அந்தப் பெண், மெதுவாக இருந்தாலும் கார்டு வந்துவிட்டதே சார் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் லிப்டுக்கு ஓடினார். அதிகாரி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை என்று அவர் சொல்வதற்குள் காவலர், சலவை வண்டிக்காரர், நான், மூன்று பேரும் நீட்டினோம். விண்ணப்பத்தை என் மேசைமேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். "உங்களை மாதிரி ஒருத்தர்" என்று அவர் தொடங்கியபோது, மேடம் காகிதத்தை மெல்ல உருவிக்கொண்டு, நன்றி சார் என்று அந்த வாக்கியத்தை முடித்து வைத்தார்.

எல்லோரும் போன பிறகு நூலகத்தில் வந்து உட்கார்ந்தார். மூடித் திறந்தால் சரியாகும் என்று தெரிந்திருந்ததா என்று கேட்டேன்.

"தெரியுமே சார். மெஷினைக் கழட்டி மாட்டினா எப்பவும் அதைத்தான் செய்வேன். ஏன்னு மட்டும் இத்தனை வருஷத்துல யோசிச்சதில்ல. அந்த மனுஷன் ஏன்னே சொல்லிட்டாரு."

பலகைக்கு அந்தப் பக்கம் அடுத்தவங்க வாங்க என்று கேட்டது. அவர் காதைக் கொடுத்தார். ஐம்பது விநாடி. கீச்சொலி. முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. மகிழ்ச்சிக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. தான் இல்லாமலும் ஒரு இடம் ஓடும் என்பதை ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தவர், அது ஓடுவதைக் காதால் கேட்டபோது கொஞ்சம் அடிபட்டவர் போலத்தான் இருந்தார். மனிதர்கள் அப்படித்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவர் போனை எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

கணவரிடம் ஒரே வரியில் சொன்னார். கணவர் ஏதோ கேட்டார். மேடம் முகத்தைச் சுளித்தார்.

"எந்த வண்டின்னா? அதையெல்லாம் இன்னும் பாக்கல. இல்ல, நீ ஒண்ணும் வர வேண்டாம், பெட்டி ரெண்டுதான்... சரி வா. வந்தா கயித்தை நீ கட்டாத, நீ கட்டினா அவுந்துரும். நான் கட்டிக்கறேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் எதையோ இழுத்து இழுத்துச் சொல்கிறார் போலிருந்தது. மேடம் குறுக்கிடவில்லை. முடிக்கும் வரை கேட்டார்.